கழுவப்படவில்லை

பரானா
14 ஜூன் 1977

அன்புள்ள அக்கா பெர்லாவுக்கு,

இந்தக் குளிரில் உன் முழங்கால் என்ன சொல்கிறது? நான் கொடுத்த தைலம் தீர்ந்திருந்தால் எழுது. எனக்கு ஒன்றும் குறைவில்லை. டோரா கண்ணை மூடிய பிறகு தனிச் சமையல்தான், ஆனால் இளைக்கவில்லை.

இதைத் தபாலில் போடாமல் பேருந்து ஓட்டும் ஆல்பினோ கையில் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு. இனிமேல் நம் யூத மொழி யித்திஷில் எனக்கு எழுதாதே. படிக்கத் தெரியாத எழுத்தைக் கண்டால் இங்கே உறையைப் பிரித்துப் பார்க்கிறார்கள்.

நாளையோ மறுநாளோ லாஸ் தலாஸுக்கு ஒரு சவப்பெட்டி வரும். மருந்துக்கடை நத்தாலியோ ஸ்லுட்ஸ்கியின் மகள் மிர்த்தா. ரொசாரியோவில் படித்துக்கொண்டிருந்தாளே, அவள்தான். இதயம் நின்று இறந்தாள் என்று சான்றிதழில் இருக்கும். பெட்டிக்கு முத்திரை வைத்திருப்பார்கள். திறக்கக் கூடாது என்பது ராணுவத்தின் உத்தரவு.

நம் ஊர் அடக்கச் சங்கத்தில் பெண்களுக்கு நீதான் தலைவி. நீ சொன்னால் கேட்பார்கள். இறந்தவளைக் குளிப்பாட்டாமல் அனுப்ப உனக்கு மனம் வராது என்று தெரியும். காலம் அப்படி இருக்கிறது, அக்கா. பெட்டியை அப்படியே இறக்கிவிட்டு, வழக்கம்போல் 'கழுவப்பட்டது' என்று பதிவேட்டில் எழுதிவிடு. கேள்வி வேண்டாம். என்னையும் எதுவும் கேட்காதே.

நூற்றிருபது வயது வரை நீ இருக்க வேண்டும்.
உன் தம்பி
ஆபிராம்

•

லாஸ் தலாஸ்
19 ஜூன் 1977

தம்பி ஆபிராமுக்கு,

முழங்கால் முழங்காலாகத்தான் இருக்கிறது, அதைப் பற்றி விசாரித்ததற்கு நன்றி. தைலம் பாதி புட்டி மிச்சம். நீ இளைக்கவில்லை என்பதை நம்புகிறேன். பன்றிக்கறி தின்கிறவன் எப்படி இளைப்பான்?

உன் கடிதம் பதினாறாம் தேதி வந்தது. பெட்டி பதினைந்தாம் தேதியே வந்துவிட்டது. ஆல்பினோவின் வண்டி வழியில் படுத்துவிட்டதாம். ஒரு நாள் முந்தியிருந்தால் நான் வேறு மாதிரி நடந்திருப்பேனா என்று நீ கேட்பாய். நடந்திருக்க மாட்டேன்.

காலை பத்து மணிக்கு ராணுவ லாரியில் இரண்டு சிப்பாய்கள் கொண்டுவந்தார்கள். கல்லறைத் தோட்டத்துக் குளிப்பாட்டும் அறையில் இறக்கிவைத்து, ஸ்லுட்ஸ்கியிடம் சான்றிதழைக் கொடுத்து, திறந்தால் குற்றம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். ஸ்லுட்ஸ்கி தலையாட்டினார். நானும் அந்தக் காகிதத்தை வாங்கிப் பார்த்தேன். டாக்டர் கையெழுத்து கோழி கிளறியதுபோல் இருந்தது.

பிறகு நானும் சோனியா ஃபிங்கெலும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டோம். வாளியில் வெந்நீர் தயாராக இருந்தது. முத்திரையை உடைத்து, எட்டு திருகாணிகளைக் கழற்றினோம். மிர்த்தாவை ஒரு ராணுவக் கம்பளியில் சுற்றியிருந்தார்கள். பச்சைக் கம்பளிச்சட்டை, உன்னிடம் காய்ச்சலுக்கு ஊசி போட வரும்போது அழுவாளே, அதே முகம். முதுகில் இரண்டு ஓட்டை. ரத்தம் சட்டையிலேயே காய்ந்திருந்தது. சோனியா கம்பளியை இழுத்து அவள் தோளை மூடினாள். பிறகு, "இதயம் நின்னு போறதுக்கு முதுகு வழியாவா உள்ள போவாங்க?" என்று கேட்டாள்.

வெந்நீரை வெளியே கொண்டுபோய்க் கொட்டினேன்.

உனக்கு மறந்திருக்கும், அதனால் சொல்கிறேன். கொல்லப்பட்டவர்களை நாம் கழுவுவதில்லை. சிந்திய ரத்தமும் அவர்கள் உடம்புதான், அதுவும் அவர்களோடு மண்ணுக்குப் போக வேண்டும். உடுத்திய உடுப்போடு, மேலே வெள்ளைத் துணி சுற்றி வைப்போம். நான் வெளியே வந்து மிர்த்தாவின் அம்மாவிடம், "ஃபான்னி, இவளைக் கழுவ முடியாது," என்று மட்டும் சொன்னேன். அவளும் நம் வழக்கம் அறிந்த குடியேற்றக்காரர் வீட்டுப் பெண்தான், அதற்குமேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அப்போ அப்படியே வைங்க. அவளோடது எதையும் எடுக்காதீங்க," என்றாள். ஸ்லுட்ஸ்கி எங்கள் இருவரையும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நீ கேட்காதே என்றாய், கேட்கிறேன். உன் கடிதத்தில் பதினான்காம் தேதி போட்டிருக்கிறது. மகள் போன செய்தி ஃபான்னிக்கே பதினைந்தாம் தேதிதான் தெரியும். உனக்கு எப்படித் தெரிந்தது?

கதகதப்பாக உடுத்திக்கொள்.
அக்கா
பெர்லா

•

பரானா
27 ஜூன் 1977

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறேன். வேலை அதிகம், தூக்கம் குறைவு. நீ நன்றாகச் சாப்பிடு.

உன் கடிதத்தைப் படித்து அன்றே எரித்துவிட்டேன். நீ என்ன பார்த்தாயோ எனக்குத் தெரியாது. வயதாகிறது, அறையில் வெளிச்சமும் போதாது. சோனியாவிடமும் அப்படியே சொல். பதிவேட்டில் இன்னும் எழுதவில்லை என்றால் 'கழுவப்பட்டது' என்று எழுது. எழுதிவிட்டாய் என்றால் அந்தப் பக்கத்தில் காப்பி கொட்டிவிடு.

ஒன்று மட்டும் யோசித்துப் பார். அந்தப் பெட்டி ஊருக்கு வந்ததே பெரிய காரியம். எத்தனையோ வீடுகளுக்கு அதுகூட வரவில்லை. ஃபான்னிக்கு உட்கார்ந்து அழ ஒரு கல் கிடைத்திருக்கிறது. அதைக் கெடுத்துவிடாதே.

ஆபிராம்

•

லாஸ் தலாஸ்
10 ஜூலை 1977

தம்பிக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. நீ தூங்கு, வேலை எங்கேயும் ஓடிவிடாது.

காப்பி கொட்டவில்லை. அடக்கம் முடிந்த அன்றே எழுதிவிட்டேன்: மிர்த்தா, நத்தாலியோ மகள், இருபத்திரண்டு வயது, கழுவப்படவில்லை. எண்பது வருடத்துப் பதிவேட்டில் இந்த வார்த்தை இதற்கு முன் இரண்டே முறைதான் வந்திருக்கிறது. ஒன்று, முதல் வருடத்தில் கொள்ளைக்காரர்கள் கத்தியால் குத்திய தறிக்காரர். இன்னொன்று, புருஷன் கையால் செத்த லேயா. இந்த ஊரில் யார் அந்தப் பக்கத்தைத் திறந்தாலும் புரிந்துகொள்வார்கள்.

யாரோ வாய்விட்டிருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை நம் சமூகத் தலைவர் நாத்தான் வைசர், ஒரு லெப்டினன்ட்டை என் பொத்தான் கடைக்கே கூட்டிவந்தார். நல்ல வளர்ப்பு உள்ள மனிதன், தொப்பியைக் கழற்றினான். பதிவேட்டைக் கேட்டான். எழுத்து அவனுக்குப் புரியவில்லை, வைசர் படித்துச் சொன்னார். ஏன் கழுவவில்லை என்று மட்டும்தான் அவன் கேட்டான். குழாயில் தண்ணீர் உறைந்துவிட்டது என்று சொல்லியிருந்தால் அவன் நம்பியிருப்பான். விளக்கம் கேட்டால் நம் ஆளுக்கு வாய் சும்மா இருக்குமா? பயத்தில் வைசர், கொலையுண்டவர்களுக்கான விதி முழுவதையும், உட்பிரிவுகளோடு, வேதபாடம் நடத்துவதுபோல் அவனுக்கு நடத்திவிட்டார். பாதி வழியில்தான் தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று அவருக்கு உறைத்தது. முகம் மாவாக வெளுத்துவிட்டது.

லெப்டினன்ட் என்னைப் பார்த்தான். "அம்மா, ஒரு வார்த்தையைத் திருத்துறதுல உங்களுக்கு என்ன கஷ்டம்?" என்றான்.

"கஷ்டம் இல்ல. நான் ரொம்பப் பயந்தவ, அதான் முடியல."

"என்னைப் பார்த்தா பயப்படுறீங்க?"

"உங்களைப் பார்த்தும்தான். ஆனா நீங்க வந்த வண்டியில போயிடுவீங்க. இந்தப் புத்தகத்தைப் படிக்கிற ஒருத்தன் இருக்கான், அவன் எங்கேயும் போகமாட்டான்."

அவன் மேலே பார்த்தான், கடையின் கூரையைப் பார்ப்பதுபோல். பிறகு தொப்பியை வைத்துக்கொண்டான். செப்டம்பரில் நம் புத்தாண்டு வருகிறதாமே, அதற்குள் திருத்திவிட்டால் நல்லது, இல்லையென்றால் யார் யார் பொறுப்பென்று விசாரிக்க வேண்டிவரும் என்று சொல்லிவிட்டுப் போனான்.

நான் தைரியசாலி என்று நினைத்துக்கொள்ளாதே. அவன் போனதும் கடையைப் பூட்டிக்கொண்டு அரை மணி நேரம் உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். மறுநாள் முதல் கடைக்கு எதிரே எண் பலகை இல்லாத ஒரு கார் நிற்கிறது. சோனியாவை ஒரு நாள் முழுக்க எங்கோ வைத்திருந்து அனுப்பினார்கள். இப்போது அவள், நான் ஒன்றும் பார்க்கவில்லை, எனக்குக் கண் புரை என்கிறாள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆக, பார்த்தவள் நான் ஒருத்திதான்.

என் கேள்விக்கு நீ பதில் எழுதவில்லை.

அக்கா
பெர்லா

•

லாஸ் தலாஸ்
7 ஆகஸ்ட் 1977

ஆபிராம்,

நான்கு வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. ஆல்பினோ ஒவ்வொரு முறையும் வெறுங்கையை விரிக்கிறான். உயிரோடும் நலத்தோடும் இருக்கிறாய் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

நீ சொல்வாய் என்று இரண்டு மாதம் பார்த்தேன். சொல்ல மாட்டாய் போலிருக்கிறது. அதனால் நான் சொல்கிறேன்.

ஸ்லுட்ஸ்கியின் கையிலிருந்து அந்தச் சான்றிதழை வாங்கிப் பார்த்தேன் என்று எழுதினேன் அல்லவா? கிறுக்கல் என்றேன். மற்றவர்களுக்குக் கிறுக்கல். அம்மா நூடுல்ஸுக்கு மாவு தூவிய மேசையில் உன் விரலைப் பிடித்து உன் பெயரின் முதல் எழுத்தை எழுதவைத்தவள் நான். அதன் கால் தூண்டில்போல் வளையும். எத்தனை முறை திருத்தினாலும் நீ அப்படித்தான் எழுதுவாய். சான்றிதழிலும் அதே வளைவு இருந்தது. பெட்டியைத் திறக்கும் முன்பே எனக்குத் தெரியும். திருகாணியைக் கழற்றும்போது, உள்ளே அவள் நிஜமாகவே இதயம் நின்று போனவளாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேதான் கழற்றினேன். யாருக்காக அப்படி வேண்டினேன் என்று உனக்கே தெரியும்.

இதை ஃபான்னியிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. ஓய்வு நாள் விளக்கு ஏற்றும்போது வாய் உன் பெயரைச் சொல்கிறது, மனசு மிர்த்தாவைப் பார்க்கிறது. எனக்குத் தாங்கவில்லை.

எழுது.
பெர்லா

•

பரானா
15 ஆகஸ்ட் 1977

அக்கா,

உடம்பு விசாரிக்க இன்று எனக்கு வாய் வரவில்லை.

வாரத்தில் இரண்டு நாள் படைமுகாமில் நோயாளிகளைப் பார்க்கிறேன் என்று உனக்குத் தெரியும். டோரா நோயில் கிடந்தபோது வைத்தியச் செலவுக்காக ஒப்புக்கொண்ட வேலை. ஜூன் பதிமூன்றாம் தேதி ஒரு மேஜர் என்னைப் பின்பக்கக் கொட்டகைக்குக் கூட்டிப்போனான். மூன்று பேர் தரையில் கிடந்தார்கள். இரண்டு பையன்கள், ஒரு பெண். மேலே போட்டிருந்த கம்பளியை விலக்கியதும் ஃபான்னியின் தாடையைப் பார்த்தேன். பிறகுதான் மிர்த்தா என்று தெரிந்தது. என் கையால் அம்மை குத்திய பிள்ளை.

அன்று மாலை மூவரையும் ஆற்றுக்குக் கொண்டுபோவதாக இருந்தது. என்ன தைரியத்தில் வாயைத் திறந்தேனோ, இவள் என் ஊர்ப் பெண், அப்பா மரியாதையான மனிதர், பெட்டியில் வைத்து வீட்டுக்கு அனுப்பிவிடலாமே என்றேன். மேஜர் சிரித்தான். "உங்க ஆளுங்க வாயை மூடிக்கிட்டு இருப்பாங்கன்னா அனுப்பறேன். டாக்டர், பெட்டி திறந்தா நீங்கதான் ஜவாப்பு," என்றான். சான்றிதழ்களை நீட்டினான். மூன்றிலும் கையெழுத்துப் போட்டேன். மூன்றிலும் இதயம்தான். ஒரு பெட்டி மட்டும் ஊருக்கு வந்தது.

இதுதான் நடந்தது. நான் சுடவில்லை. காப்பாற்றவும் முடியாது, அவர்கள் ஏற்கெனவே போய்விட்டிருந்தார்கள். ஒரு பொய் எழுதி, ஒரு தாய்க்கு ஒரு கல்லறையை வாங்கிக் கொடுத்தேன். அது பாவமா அக்கா? உனக்கு விதி தெரியும், நீயே சொல்.

இப்போது மேஜர் தினமும் கேட்கிறான். லெப்டினன்ட் சொன்ன அந்த 'விசாரணை' என்னைத்தான். புத்தாண்டு வரை தவணை கொடுத்திருக்கிறான். உன் பதிவேட்டில் அந்த வார்த்தை இருக்கும்வரை பெட்டி திறந்தது நிஜம், நான் வாக்குத் தவறியது நிஜம். அடித்துவிட்டு மாற்றி எழுதினால், கிழவி உளறினாள் என்று முடிந்துவிடும்.

ஒரு வார்த்தை அக்கா. உன்னைக் கெஞ்சுகிறேன்.

ஆபிராம்

•

லாஸ் தலாஸ்
24 ஆகஸ்ட் 1977

என் தம்பிக்கு,

சாப்பிடு. எந்த நிலையிலும் சாப்பிடு. இதை ஒரு அக்காவாக முதலில் எழுதிவிடுகிறேன், மற்றதைப் படித்த பிறகு உனக்குச் சாப்பிடத் தோன்றாது.

உன் கடிதம் வந்த அன்று பதிவேட்டை வீட்டுக்கு எடுத்துவந்தேன். மேசையில் விரித்து, பேனாவில் மை நிரப்பி உட்கார்ந்தேன். காலையில் உட்கார்ந்தவள், மதியம் கடையைத் திறக்கவில்லை. ஒரு கோடு இழுக்க எவ்வளவு நேரமாகும்? பேனாவைக் காகிதத்தில் வைத்தும்விட்டேன், ஒரு புள்ளி இப்போதும் அங்கே இருக்கிறது. உன்னை நினைத்தால் கை முன்னால் போகிறது. அவளை நினைத்தால் நின்றுவிடுகிறது.

அவளைக் கொன்றவர்கள் அவள் கொல்லப்படவில்லை, இதயம்தான் நின்றது என்கிறார்கள். அவளுடைய அப்பா தலையாட்டிவிட்டார். நீ கையெழுத்துப் போட்டுவிட்டாய். சோனியாவுக்குக் கண் தெரியவில்லை. அவள் கொல்லப்பட்டாள் என்று இந்த உலகத்தில் சொல்ல ஒரே ஒரு வார்த்தைதான் மிச்சம், அது என் கையில் இருக்கிறது. அந்தப் புத்தகம் வைசருக்காக எழுதுவது அல்ல, எனக்காகவும் அல்ல. அதைத் திறந்து வைத்துக்கொண்டு மேலே இருக்கிறவன் என்னிடம் ஒருநாள் கேட்பான். அவனுக்கு நான் நிஜமாகவே பயப்படுகிறேன் ஆபிராம், பேச்சுக்குச் சொல்லவில்லை. அந்தப் பயம் இல்லையென்றால் உனக்காக எதையும் எழுதியிருப்பேன், பத்துப் பக்கம் வேண்டுமானாலும்.

முடியவில்லை. அடிக்க மாட்டேன்.

பாவமா என்று கேட்டாய். கல்லறை வாங்கிக் கொடுத்தது பாவமில்லை. மற்ற இரண்டு காகிதத்துக்கு எந்தக் கல்லறை கிடைத்தது?

நீ அங்கே இருக்காதே. போர்ட்டோ அலெக்ரேயில் சித்தி மகன் லேவி இருக்கிறான், எழுதிவிட்டேன், எப்போது வேண்டுமானாலும் வா என்கிறான். எல்லையைத் தாண்டிவிடு. உன்னைப் பிடித்துக் கொடுக்கிறவள் நான்தானோ என்று நினைத்து நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை. என் மேல் உனக்கு இருக்கிற கோபத்தை எல்லையின் அந்தப் பக்கத்திலிருந்து காட்டு, வாங்கிக்கொள்கிறேன்.

பெர்லா

•

பரானா
2 செப்டம்பர் 1977

பெர்லாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன் புத்தகமும் உன் கடவுளும் நூற்றிருபது வருடம் நன்றாக இருக்கட்டும். செத்தவளுக்கு ஒரு வார்த்தை குறையக் கூடாது, இருக்கிறவன் எப்படிப் போனால் என்ன?

அம்மா இருந்திருந்தால் எழுதியிருப்பாள்.

இனிமேல் ஆல்பினோ வசம் எதுவும் அனுப்பாதே.

ஆ.

•

பரானா
14 செப்டம்பர் 1977

அக்கா,

நல்ல வருடம் உன் பெயருக்கு எழுதப்படட்டும். பண்டிகை நாளில் பேனாவைத் தொட்டதற்குத் திட்டுவாய். திட்டு, வேறு நாள் எனக்கு இல்லை.

அம்மாவை இழுத்து எழுதியதை மன்னித்துவிடு. அம்மாவும் எழுதியிருக்க மாட்டாள். அது தெரிந்துதான் எழுதினேன்.

சனிக்கிழமை மேஜர் மறுபடி கூப்பிட்டான். அதே கொட்டகை. ஒரே ஒருவர், என் வயசுக்காரர், பள்ளிக்கூட வாத்தியார்போல் இருந்தார், சட்டைப்பையில் சுண்ணாம்புத் துண்டு. காகிதத்தை நீட்டினான். மேசையில் வைத்துக் குனிந்தேன். நீ லெப்டினன்ட்டிடம் சொன்னாயே, படிக்கிறவன் எங்கேயும் போகமாட்டான் என்று. கடிதத்தில் படித்தபோது, அக்காவுக்கு எப்போதும் வாய் நீளம் என்று நினைத்தேன். அன்று அந்தக் கொட்டகையில் யாரோ என் தோளுக்குமேல் குனிந்து படிப்பதுபோல் இருந்தது. எனக்கு ஐம்பத்துமூன்று வயது, அப்படி ஒரு பயம் எனக்கு வந்ததே இல்லை. மேஜரைப் பார்த்தேன். சொன்னால் நம்பமாட்டாய், அவன் மேல் இருந்த பயம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"இவர் சுடப்பட்டிருக்கார். அதை எழுதணும்னா எழுதறேன். இதயம்னு எழுத மாட்டேன்," என்றேன்.

அவன் கத்தவில்லை. காகிதத்தை எடுத்துக்கொண்டான். "பண்டிகை முடியட்டும் டாக்டர்," என்று மட்டும் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை மகளுக்குக் கல்யாணம் என்று விடுப்பில் போயிருக்கிறான். திங்கள் வருவான்.

நேற்றும் இன்றும் இங்கே தொழுகைக்குப் போனேன். பதினெட்டு வருடத்துக்குப் பிறகு. புத்தாண்டுக்கு ஆட்டுக்கொம்பு ஊதும்போது பக்கத்தில் இருந்தவர்கள் என்னை ஒருமாதிரி பார்த்தார்கள், அவ்வளவு அழுதிருக்கிறேன்.

பாவமன்னிப்பு நாளில் கடவுளுக்குச் செய்த குற்றத்தைத்தான் கடவுள் மன்னிப்பார், மனுஷனுக்குச் செய்ததை அந்த மனுஷனிடம்தான் கேட்க வேண்டும், இல்லையா? அந்த மனுஷன் செத்துவிட்டால்? அப்பா ஒருமுறை கிணற்றுச் சண்டைக்காகப் பத்து பேரைக் கூட்டிக்கொண்டு கிழவர் மோத்தலின் கல்லறைக்குப் போனது ஞாபகம் இருக்கிறதா? பத்து ஆண்கள் காது கேட்க, இன்ன குற்றம் செய்தேன் என்று பெயர் சொல்லிக் கத்தினாரே. நாம் இருவரும் வேலிக்குப் பின்னால் நின்று சிரித்தோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மிர்த்தாவின் கல்லறைக்கு வருகிறேன். நான் என்ன செய்தேன் என்று சொல்லப் போகிறேன். பத்து பேர் கேட்டுவிட்டால் உன் ஒரு வார்த்தை தனியாக நிற்காது. அங்கிருந்தே லேவியிடம் போகிறேன். எல்லையைத் தாண்ட முடிந்தால் நல்லது.

பத்து பேரைச் சேர்த்து வை. விஷயம் என்னவென்று சொல்லித்தான் கூப்பிட வேண்டும். தெரியாமல் யாரையும் இதில் இழுக்காதே.

உன்
ஆபிராம்

•

லாஸ் தலாஸ்
16 செப்டம்பர் 1977, வெள்ளி, மதியம்

என் ஆபிராமுக்கு,

உனக்கும் நல்ல வருடம். எழுத்தைப் பார்த்தால் உன் கை நடுங்கவில்லை, அதுவே எனக்குப் போதும். ஆல்பினோ வண்டியை வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறான், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

உன் கடிதம் நேற்றுக் காலை வந்தது. உடனே கிளம்பிவிட்டேன். முழங்காலைக் கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லை. ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்து, கதவைச் சாத்தி, நீ செய்ததையும் செய்யப் போவதையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். இந்த வாரம் ஊரே கல்லறைக்குப் போகும் வாரம்தான், கூட்டமாக நின்றால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஆனால் கேட்டவர்களுக்கு மூச்சு நின்றுவிட்டது.

ஒருவருக்குத் திடீரென்று இடுப்புப் பிடிப்பு. ஒருவருக்குச் சோளம் விதைக்க வேண்டுமாம், இத்தனை வருடத்தில் ஞாயிற்றுக்கிழமை அவர் வயலில் இறங்கி நான் பார்த்ததில்லை. வைசர் நேராகச் சொன்னார், தலைவர் என்று என் பெயர் இதில் வந்தால் ஊர் முழுவதற்கும் கேடு, நான் வரமாட்டேன் என்று. வாசல்வரை வந்து, "கல்லறைக் கதவு பூட்டியிருக்காது. யார் திறந்தான்னு எனக்குத் தெரியாது," என்றார். அதுவும் அவருக்குப் பெரிசுதான்.

கோழி அறுக்கிற ஹிர்ஷ் முதலில் சரி என்றார், நான் சொல்லி முடிக்கும் முன்பே. பால்பண்ணை அண்ணன் தம்பிகள் மூன்று பேர். தச்சர் பெய்சா. சோனியாவின் புருஷன் வந்தான், அவள் அனுப்பியிருக்கிறாள். கேட்கச் சொன்னாளாம், தன் கண் புரை ஆறிவிட்டது, பெண்கள் நிற்கிற இடத்தில் தானும் நிற்கலாமா என்று. இன்று காலைக்குள் இன்னும் மூன்று பேர். ஒன்பது. என்னையும் ஃபான்னியையும் சோனியாவையும் சேர்த்தால் பன்னிரண்டு, ஆனால் நாங்கள் கணக்கில் வரமாட்டோம். பெட்டியைத் திறக்கும்போது மட்டும்தான் எங்களுக்குக் கணக்கு.

பத்தாவது ஆளுக்கு இனி எந்த வீட்டுக்குப் போவது என்று கடையில் உட்கார்ந்திருந்தேன். சற்று முன்னால் ஸ்லுட்ஸ்கி வந்தார். ஜூன் மாதத்துக்குப் பிறகு என் கடை வாசலை மிதிக்காதவர், மருந்துக்கடையைப் பட்டப்பகலில் பூட்டிவிட்டு வந்திருக்கிறார். ஊருக்கெல்லாம் சொன்னவள் அவரிடம் சொல்லவில்லை, எனக்கு வாய் வரவில்லை. ஃபான்னி சொல்லியிருக்கிறாள்.

உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. என் தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை கெட்டதாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சொல்லவில்லை. "அன்னிக்கு நானும்தான் தலையாட்டினேன், பெர்லா. உன் தம்பி ஒரு தடவை கையெழுத்துப் போட்டான். நான் மூணு மாசமா கடைக்கு வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் இதயம்தான்னு சொல்லிட்டு இருக்கேன். ஞாயித்துக்கிழமை நான் வர்றேன். பத்தாவது ஆள் நான்," என்றார்.

அவர் கதவுவரை போய்த் திரும்பி நின்றார்.

"மூணு காகிதம்னு ஃபான்னி சொன்னா. அந்த ரெண்டு பையனுங்க பேரு உன் தம்பிக்குத் தெரியுமா?"

கையெழுத்துப் போட்டவனுக்குத் தெரியாமல் இருக்குமா என்றேன்.

"அப்போ மூணு பேரையும் சொல்லச் சொல்லு. அவங்கவங்க அப்பாவுக்குப் பெட்டி வரல. அவங்களுக்காக யாராவது நின்னு கேக்கணும்ல."

பெயர்களை எழுதி எடுத்துவராதே ஆபிராம், வழியில் சோதனை போடுகிறார்கள். மனப்பாடம் செய்துகொண்டு வா. அப்பா பெயர், ஊர், எல்லாவற்றோடும்.

பத்து பேர் ஆகிவிட்டது.

அக்கா
பெர்லா